காற்றில்லாச் சில்லு

கல்கிசையில் எங்கள் ஒழுங்கைத் தம்பி ஒருவர், காற்றடிக்கத் தேவையில்லாத சைக்கிள் சில்லு ஒன்றை வரைந்து காட்டினார். ரியூப் இல்லை, வெளி வளையத்துக்கும் நடுக் குடத்துக்கும் இடையே வளைந்த றப்பர் பட்டிகள். பார்த்தவர்கள், “பாரம் கூடும், உழக்க ஏலாது” என்றார்களாம்.

சந்தேகம் நியாயமானதுதான். றப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசிந்து மீளும்போது கொஞ்சச் சக்தி வெப்பமாகப் போய்விடும். அந்த இழப்பை ஓட்டுபவரின் கால்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஆனால் காற்றடைத்த ரயரையும் அன்று சனம் நம்பவில்லை. பெல்பாஸ்டில் இருந்த மிருக வைத்தியர் டன்லொப் 1888இல் அதற்குக் காப்புரிமை எடுத்தபோது கேலி செய்தார்கள். 1889இல் வில்லி ஹியூம் அந்த ரயரில் ஓடிப் பந்தயங்களை வென்ற பிறகே கேலி அடங்கியது. அதிலும் எனக்கு வலிக்கிற கதை ரொபர்ட் தொம்சனுடையது. 1845இலேயே இதே யோசனைக்குக் காப்புரிமை பெற்றவர் அவர். சைக்கிள் யுகம் அப்போது பிறக்கவில்லை, யோசனை மறக்கப்பட்டது.

1876இல் கம்பஹா ஹெனரத்கொடையில் றப்பர் கன்றுகள் வந்திறங்கிய நாடு இது. பாரந்தூக்கி வண்டிகளுக்கான திண்ம ரயர்களை உலகுக்கே விற்கிறோம். சைக்கிளுக்கு ஏன் முயலக்கூடாது?

தம்பி, வரைபடத்தை மடித்து வைக்காதீங்கோ. ஒரு சில்லைச் செய்து பின்பக்கம் பூட்டி ஓடிப் பாருங்கோ. றப்பர் வார்க்கத் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து அவருக்குக் கைகொடுங்கோ.