ஒரு மைல் நீளச் சில்லறை

சிகாகோவில் விருந்தாளிகளுக்கு ஊர் காட்டும் நம்மவர்கள் ஆற்றுப் படகு, மில்லெனியம் பூங்கா, அரோரா பெருமாள் கோவில் என்று முடித்துக்கொள்வார்கள். தெற்குப் பக்கம் வண்டி திரும்பாது. அங்கே போகாதே என்று வந்த வாரமே சொல்லிவிடுகிறார்கள். சொன்னவர்களில் பலர் அங்கே போனதே இல்லை.

அந்தத் தெற்கில், மிச்சிகன் அவென்யூ 3831ஆம் எண்ணில், 1890களில் ஒரு தானிய வியாபாரிக்காகக் கட்டிய மாளிகை இருக்கிறது. 1940 டிசம்பரிலிருந்து அதுதான் சவுத் சைட் கம்யூனிட்டி ஆர்ட் சென்டர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய திட்டத்தில், நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கலை மையங்கள் முளைத்தன. ஆசிரியர் சம்பளமும் புதுப்பிக்கும் செலவும் அரசுடையது. இடத்துக்கு ஊர்தான் வழி பார்க்க வேண்டும். இந்த நிபந்தனைதான் கதையின் உயிர்நாடி என்பது என் கட்சி.

மிசிசிப்பி, லூசியானா பக்கமிருந்து பிழைப்புத் தேடி ரயிலேறி வந்த கறுப்பினக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. மாளிகையின் விலையான ஏறத்தாழ 8,000 டாலருக்கு எங்கே போவது? நடன விருந்து வைத்தார்கள், சீட்டாட்டப் போட்டி நடத்தினார்கள், ‘ஒரு மைல் டைம்’ என்று, டைம் எனப்படும் பத்து சென்ட் காசாக வசூல் செய்தார்கள். மார்கரெட் பரோஸ் என்ற இளம் ஓவியர் தெருமுனையில் தகர டப்பாவோடு நின்றார். ஒரு டைம் காசின் அகலம் 18 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மைல் நீளத்துக்கு அடுக்கினால் சுமார் 90,000 காசு, அதாவது 9,000 டாலர். கணக்குத் தெரிந்தவர்தான் பெயர் வைத்திருக்கிறார்.

1941 மே மாதம் அதிபரின் மனைவி எலனோர் ரூஸ்வெல்ட் வந்து மையத்தை அர்ப்பணித்தார். மேடையில் பெரிய மனிதர்கள். டப்பா குலுக்கிய ஓவியர்களை ஓரங்கட்டிவிட்டார்கள் என்று பரோஸ் பின்னாளில் வருத்தத்தோடு எழுதினார். சங்கம் நடத்திய நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உள்ளே கீழ்த்தளக் கூடத்தைப் பார்க்க வேண்டும். நியூ பவ்ஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளிக்காரர்கள் வடிவமைத்தது. சுவர் முழுக்க மரப்பலகை, பலகை முழுக்க ஆணித் துளை. எத்தனையோ வருடக் கண்காட்சிகளுக்கு அடித்த ஆணிகள். அடைக்காமல், மெழுகிப் பூசாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். கிட்டே போனால் ஒரு துளைக்குள் இன்னொரு துளை. படத்தை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இங்கே நிலவறையில் இருட்டறை வைத்துப் படம் கழுவியவர் புகைப்படக் கலைஞர் கார்டன் பார்க்ஸ். இங்கே அவர் காட்சிக்கு வைத்த தெற்குப்புறப் படங்கள் 1942இல் ரோசன்வால்ட் உதவித்தொகையை வாங்கிக்கொடுத்தன. கவிதை வகுப்பில் உட்கார்ந்திருந்த க்வெண்டலின் புரூக்ஸ், 1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். பரோஸ் 1961இல், எதிர்ச்சாரியில் இருந்த தன் வீட்டிலேயே ஒரு அருங்காட்சியகம் தொடங்கினார். இன்றைய டுசேபிள் அருங்காட்சியகம் அதுதான்.

1943இல் அரசுத் திட்டம் முடிந்தது, சம்பளம் நின்றது. மற்ற ஊர்களில் பல மையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இங்கே காசு இல்லாமல் பட்ட பாடு கொஞ்சமில்லை, ஆனாலும் காலி பண்ணு என்று சொல்ல யாருக்கும் உரிமை இருக்கவில்லை. வீடு அவர்களுடையது.

எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாடகை வகுப்பறையில் நடக்கிறது. மணி அடிக்குமுன் கரும்பலகையை அழித்து, பிள்ளைகள் ஒட்டிய படங்களைக் கழற்றி, நாற்காலியை இருந்தபடி போட்டுவிட்டு வர வேண்டும். சுவரில் ஆணி அடிப்பது ஒப்பந்தப்படி குற்றம். கட்டட நிதி என்று பேச்செடுத்தால், ‘பெரிய கை யாராவது கிடைக்கட்டும்’ என்று கூட்டத்தை ஒத்திவைத்துவிடுகிறார்கள். அடுத்த பொதுக்குழுவுக்கு நான் ஒரு தகர டப்பாவோடு போவதாக இருக்கிறேன்.