நோன்பும் அடுத்த வீட்டுச் சுவரும்

மாதங்கள் பன்னிரண்டு உண்டெனினும், எங்கள் வீட்டார் அனைவரும் ஒருங்கே முற்றத்திற்கு வந்து வானத்தை அண்ணாந்து பார்த்து வரவேற்கும் மாதம் றமழான் ஒன்றே. ஷஃபான் மாதத்தின் 29ஆம் நாள் மாலையில், நெருக்கமான கூரைகளுக்கிடையே தெரியும் வானத் துண்டை நோக்கி நாங்கள் நிற்போம். துறைமுகத்துப் பக்கமிருந்து மேகம் வந்து மறைத்துவிடுமானால், உம்மும்மா வானொலிப் பெட்டியண்டை அமர்ந்துவிடுவார். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடும் பிறைக் குழுவின் முடிவு வானொலியில் வந்ததும், "நாளைக்கு நோன்பு" என்று அவர் கூறுவார். அந்த ஒரு சொல்லோடு வீட்டின் நடையுடை யாவும் மாறிவிடும்.

நாங்கள் வாழ்வது கொழும்பு 13, கொச்சிக்கடையில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கை. அங்கிருந்து சிறிது நடந்தால் புனித அந்தோனியார் திருத்தலம். மறுபுறம் சென்றால், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயம். பாங்கொலி கேட்கும் தூரத்திற் பள்ளிவாசல். செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோனியாரிடம் மெழுகுதிரி ஏற்றச் செல்வோரில் கத்தோலிக்கர் மட்டுமன்றி, இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களுங்கூட உண்டு என்பதைக் கொழும்புவாசிகள் அறிவர். எங்கள் ஒழுங்கையில் இரு வீட்டுக்கு ஒரு சுவர். எங்கள் சுவருக்கு அப்பால் இருப்பவர் ஒரு கத்தோலிக்கத் தமிழ்த் தாயார். உம்மா அவரை "அக்கா" என்பார். நாங்கள் "மாமி" என்போம்.

சந்திர ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாட்களே. ஆதலால் றமழான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வந்து, 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றிவிடுகிறது. வட ஐரோப்பிய நாடுகளிற் கோடையில் நோன்பு வந்தால் பதினெட்டு மணி நேரத்திற்கு மேலும் பசித்திருக்க நேரும் என்பர். பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள எங்களுக்கோ எப்பருவத்திலும் 13 முதல் 14 மணி நேரந்தான். எனினும், கொழும்பின் வைகாசி வெயிலில் அந்நேரத்தைக் கழிப்பதும் எளிதன்று.

நோன்பு நாள் எங்கள் வீட்டில் அதிகாலை மூன்றரை மணிக்குத் தொடங்கும். சஹர் உணவுக்கு உம்மாவே முதலில் எழுவார். என்றேனும் அவர் அயர்ந்துவிட்டால், சுவருக்கு அப்பாலிருந்து மூன்று முறை தட்டும் ஓசை கேட்கும். தண்ணீர் பிடிப்பதற்காக நான்கு மணிக்கு முன்னரே எழும் மாமி, எங்கள் சாளரத்தில் வெளிச்சம் இல்லையெனக் கண்டால் அவ்வாறு தட்டுவார். இப்பழக்கத்தை யாரும் அவரிடம் கேட்டுப் பெற்றதில்லை. எங்களில் மூத்தவர் பிறப்பதற்கு முன்பிருந்தே அது நடந்து வருகிறது என்று வாப்பா சொல்வார்.

அஸர் தொழுகைக்குப் பின் அடுப்பிற் கஞ்சி ஏறும். பச்சையரிசியுடன் இஞ்சி, பூண்டு, வெந்தயம், கறுவா, ஏலம், இறம்பை இலை ஆகியன சேர்ந்து வேக, இறுதியில் தேங்காய்ப்பால் விழும்போது எழும் மணத்தை நோன்பாளிகளே முழுமையாக அறிவர். எங்களுக்கு இறைச்சியிட்ட கஞ்சி ஒரு சட்டி. மரக்கறி உண்ணும் எதிர் வீட்டாருக்கு இறைச்சியிடாத கஞ்சி தனியே ஒரு சட்டி. பிள்ளைகளாகிய எங்களுக்கு அதனைக் கொண்டுசெல்லும் பணி. நண்பகல் வரை "அரை நோன்பு" பிடித்த சிறுவருக்கும் அப்பணியில் முழுப் பங்கு உண்டு. ஒழுங்கையில் ஒரு வழக்கம் இருந்தது: கொடுத்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வருதல் ஆகாது. மாமி வீட்டுச் சட்டியில் ஒரு நாள் மாம்பழம் வரும். ஒரு நாள் சீனிபணிஸ் வரும். ஒன்றுமில்லாத நாளிற் கைப்பிடி சீனியேனும் வரும்.

2019ஆம் ஆண்டு றமழான் அவ்வாறு வரவில்லை.

அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. நாற்பது நாள் தவக்காலத்தை முடித்து, மாமி புத்தாடை அணிந்து காலைப் பூசைக்குச் சென்றிருந்தார். ஒன்பது மணி ஆகுமுன் எங்கள் வீட்டுச் சாளரங்கள் அதிர்ந்தன. திருத்தலத்தினுள் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் அன்று அவ்வாறே நிகழ்ந்தது. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செய்தவர்கள் எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக் கொண்டவர்கள். அவர்களுடைய உடல்களை முஸ்லிம் மையவாடிகளில் ஏற்க மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஆயினும், ஒழுங்கையெங்கும் வெள்ளைக்கொடிகள் ஆடிய அந்நாட்களில், வாயிற்படியைத் தாண்டும்போது எங்கள் தலை தானே தாழ்ந்தது. நாங்கள் செய்யாத குற்றம். இருந்தும் நிமிர இயலவில்லை.

மாமி உயிருடன் மீண்டார். கையிற் பெரிய கட்டு; காதில் ஓயாத இரைச்சல். உம்மா வைத்தியசாலைக்குச் சென்று பார்த்தார். மாமி ஒன்றும் பேசவில்லையாம். அவர் வீடு திரும்பிய பின்னரும் சுவருக்கு அப்பால் ஓர் அரவமும் இல்லை.

இரண்டு வாரங்கள் கழிந்து சில நாட்களில் நோன்பு பிறந்தது. முதல் நாள் மாலை கஞ்சி கொதித்து இறங்கியும், யாரும் சட்டியை எடுக்கவில்லை. "இந்த வருஷம் அனுப்பத்தான் வேணுமா? அவங்க மனசு எப்படி இருக்குமோ" என்றார் வாப்பா. "அனுப்பாட்டி எப்படி இருக்கும்?" என்றார் உம்மும்மா. அதற்கு மறுமொழி இல்லை. எங்களில் மூத்தவர் சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாமி நலமான கையால் வாங்கினார்; "வை மகன்" என்றுங் கூறவில்லை, "வேண்டாம்" என்றுங் கூறவில்லை. கதவு மூடியது.

மறுநாள் சட்டி திரும்பி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சஹர் வேளையிற் சுவரும் பேசவில்லை. இரண்டையும் சேர்த்து நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். மாமிக்கு எங்கள் மேல் வெறுப்பு வந்துவிட்டது என்பதே அக்கணக்கின் விடை. அதனை வாய்விட்டுச் சொல்லாவிடினும், ஒவ்வொரு மாலையும் கஞ்சியைக் குடிக்கையில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது இருந்தோம். பிறகு நாங்கள் சட்டி அனுப்பவுமில்லை.

மே 13ஆம் திகதி, நோன்பின் முதல் வாரத்தில், வடமேற்கே முஸ்லிம் கிராமங்களிற் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. அன்றிரவு 9 மணி முதல் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம். வாப்பா தறாவீஹ் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்லவில்லை; முன்னறையிற் பாய் விரித்து, விளக்கைத் தாழ்த்தி, ஓதும் குரலையும் தாழ்த்தித் தொழுவித்தார். நள்ளிரவுக்குப் பின்னும் எவரும் உறங்கவில்லை. தெருவில் ஒரு நாய் குரைத்தாலும் எழுந்து உட்கார்ந்தோம். பின்னர் எப்போதோ, உட்கார்ந்தவாறே அனைவரும் கண் அயர்ந்துவிட்டோம்.

டொக், டொக், டொக்.

விழித்தபோது மணி நான்கு. சஹர் முடிய அரை மணி நேரமும் இல்லை. முதலில் வாசற்கதவென்று அஞ்சி உறைந்து போனோம். மீண்டும் மூன்று முறை கேட்டது. அது சுவர். உம்மும்மாதான் முதலில் எழுந்து, தம் கையாற் சுவரில் மூன்று முறை திருப்பித் தட்டினார். அன்று தண்ணீரும் ஈத்தம்பழமுமே எங்கள் சஹர். அவற்றை உண்ணும்போது உம்மா அழுதுகொண்டே இருந்தார்.

ஊரடங்கு நீங்கிய பின், காலையில் மாமி தாமே எங்கள் வாசலுக்கு வந்தார். கையிற் கஞ்சிச் சட்டி. அதில் நான்கு வாழைப்பழங்கள். "தங்கச்சி, கோபிக்காதீங்க. ஒற்றைக் கையால சமைக்கவும் ஏலாது, கடைக்குப் போகவும் பயம். வெறுஞ்சட்டியை எப்படித் தாறது எண்டு வச்சிட்டு இருந்தன். குளிசை போட்டுத்தான் தூங்குறன், அதால நாலு மணிக்கு எழும்பவும் முடியல்ல. ராத்திரி உங்கட வீட்ட நினைச்சுத் தூக்கமே வரல்ல" என்றார்.

நாங்கள் வெறுப்பென்று படித்தது, அவர் கைக்கொண்டிருந்த மரியாதை! அவ்வழக்கத்தை ஒரு கையோடும் அவர் காத்துக் கொண்டிருந்தார். இரு கைகளும் உடைய நாங்களோ இரண்டு நாளிற் சட்டி அனுப்புவதை நிறுத்திவிட்டோம். அன்று மாலை முதல் கஞ்சி மீண்டும் சென்றது. சட்டியைத் திருப்பித் தரவேண்டாம் என்று உம்மா கேட்டுக்கொண்டார், மாமி இணங்கவில்லை.

ஜூன் 5ஆம் திகதி பெருநாள். புத்தாடையின்றி எளிமையாகக் கொண்டாடினோம். வட்டிலப்பம் மட்டும் குறைவின்றி ஆக்கி ஒழுங்கையெங்கும் கொடுத்தோம். அடுத்த வாரம், ஜூன் 12ஆம் திகதி, அந்தோனியாரின் பெருவிழாவிற்கு முதல் நாள், கடற்படையினர் சீர்செய்த திருத்தலம் மீண்டும் திறக்கப்பட்டது. கூட்டத்திற் கை இடிபடக் கூடாதே என்று உம்மா மாமியைத் தெருமுனை வரை அழைத்துச் சென்று விட்டார். சோதனைக்காக நீண்ட வரிசை நின்றது. உம்மாவின் முக்காட்டைச் சிலர் திரும்பிப் பார்த்தனர். மாமி அவர் கையை விடவில்லை.

முன்னிருந்த சமுதாயங்களுக்கும் நோன்பு கடமையாயிருந்தது என்று திருமறை கூறுவதைச் சிறு வயதிலேயே ஓதியிருக்கிறோம். பசியையும் தாகத்தையும் அடக்குதல் பழகப் பழக எளிதாகிவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளையும் அரை நோன்பு பிடிக்கின்றது. பிறர் உள்ளத்தைப் பற்றி நாமே ஒரு கணக்குப் போட்டு, அதனை மெய்யென்று நம்பாதிருத்தலே அரிய நோன்பு. அச்சம் மிகுந்த நாட்களில் அந்நோன்பு எவ்வளவு விரைவில் முறிந்துவிடுகிறது என்பதை நாங்கள் எங்கள் வீட்டிலேயே கண்டோம்.

பிறை தென்பட்ட இரவில் இப்போதெல்லாம் உம்மா முதலிற் செய்யும் வேலை ஒன்றுண்டு. சுவரண்டை சென்று மூன்று முறை தட்டுவார். அப்பாலிருந்து மறுமொழி வரும். அதன் பின்னரே எங்கள் வீட்டில் நோன்புக்கு அரிசி களைவார்கள்.