ஈயம் பூசிய ஒளி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்குள் ஒரு பொருள் வந்தது. ஒரு பொருள் வெளியேற இருந்தது. வந்தது, கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் புதிய தொலைக்காட்சிப் பெட்டி. வெளியேற இருந்தது, என் மாமியாரின் பித்தளைக் குண்டான்.

குண்டானின் உட்புறத்தில் ஈயம் தேய்ந்து போயிருந்தது. "பழைய பாத்திரக் கடையில் போட்டுவிடலாம், அத்தை. இடத்தை அடைக்கிறது" என்று சொன்னவள் நான்தான். அத்தை ஒன்றும் பேசவில்லை. புடவைத் தலைப்பால் அதை ஒரு முறை துடைத்து, வாசல் ஓரமாக வைத்துவிட்டார்.

அன்று மாலை, தொலைக்காட்சி வந்த அட்டைப் பெட்டியில் 'குவாண்டம் டாட்' என்று போட்டிருந்ததை என் மகன் எழுத்துக் கூட்டி வாசித்தான். "அது என்னம்மா டாட்?" என்று அத்தை என்னைக் கேட்டார். பத்திரிகை ஆபீஸில் உத்தியோகம் பார்ப்பவள், பட்டம் வாங்கியவள், தெரியாது என்று சொல்ல வாய் வருமா? "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது, அத்தை" என்று சொல்லி வைத்தேன். புரியாதவள் யார் என்பது எனக்கல்லவா தெரியும்!

இரவெல்லாம் அந்த வார்த்தை உறுத்தியது. மறுநாள் மின்சார ரயிலில் ஏறியதிலிருந்து ஆபீஸ் சேரும்வரை அதைப் பற்றியே படித்தேன்.

டாட் என்றால் புள்ளி. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், அதில் சில பங்கே இருக்கும் படிகத் துணுக்கு. காட்மியம் செலினைடு என்ற பொருளில், துணுக்கு சிறியதானால் நீலம், சற்றுப் பெரியதானால் சிவப்பு. பொருள் ஒன்றே, பருமன்தான் நிறத்தை மாற்றுகிறது. ரஷ்யாவில் எகிமோவும் அமெரிக்காவில் புரூஸும் 1980களின் தொடக்கத்தில் இதைக் கண்டார்கள். ஒரே அளவான துணுக்குகளைச் செய்யும் நல்ல வழியை 1993-இல் பவெண்டி குழுவினர் கண்டார்கள். மூவருக்கும் 2023-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் வெறும் துணுக்கு சரியாக ஒளிராது. அவ்வளவு சிறிய பொருளில் அணுக்களில் பெரும் பங்கு மேற்பரப்பிலேயே இருக்கும். அவற்றுக்கு வெளிப்பக்கம் கைகோக்க ஆள் இல்லை. உள்ளே வாங்கிய ஒளியின் சக்தி அந்த இடைவெளிகளில் விழுந்து, வெறும் சூடாக வீணாகிவிடும். 1996-இல் சிகாகோவில் ஹைன்ஸ், குயோ-சியோனே என்ற இருவர் அதன்மேல் துத்தநாக சல்பைடைப் பூசினார்கள். வாங்கிய நூறு ஒளித்துகளுக்கு ஐம்பது திரும்பி வந்தது!

அன்று இரவு தோசை வார்த்துக்கொண்டே அத்தையிடம் இதைச் சொன்னேன்.

"பித்தளைக்கு ஈயம் பூசுகிற மாதிரிதானே?" என்றார் அவர்.

எனக்குத் தோசைத் திருப்பி கையிலேயே நின்றுவிட்டது.

"பூச்சு இல்லாவிட்டால் புளி பட்டுக் களிம்பு ஏறும். அதற்காக அப்பிவிடவும் கூடாது. சூடு காட்டி, நவச்சாரம் போட்டு, பஞ்சால் மெல்லிசாக இழுக்க வேண்டும். தடித்தால் உரிந்துவிடும்."

அங்கேயும் அதே கதைதான்! பூச்சு ஓரிரு அணு அடுக்குக்கு மேல் தடித்தால், உள்ளிருக்கும் படிகத்தோடு பொருந்தாமல் இறுக்கம் உண்டாகி, ஒளி மறுபடி குறைகிறது. காட்மியம் நஞ்சு என்பதால் இப்போது பலர் இண்டியம் பாஸ்பைடைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் போர்வை இல்லாமல் தீராது.

இன்னொன்றும் சொன்னேன். நான் தினமும் ரயிலில் கடக்கும் கிண்டிக்குக் கிழக்கே, சென்னை ஐ.ஐ.டி.யில், பேராசிரியர் பிரதீப்பின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே தங்க அணுக்களின் சிறு கொத்துக்களைப் புரதத்தால் போர்த்தி ஆராய்கிறார்கள். முட்டை வெள்ளைக் கருவிலுள்ள ஒரு புரதமே போதும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியில் தங்கம் சிவப்பாக ஒளிர்கிறது. பாதரசம் கலந்த தண்ணீர் பட்டால் அந்த ஒளி மங்கிவிடுவதால், தண்ணீரைச் சோதிக்கவும் அது உதவும்.

"அடேயப்பா! தங்கத்துக்கே போர்வை வேண்டியிருக்கிறதா?" என்று சிரித்தார் அத்தை.

"நேற்று நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அத்தை" என்றேன்.

"தோசை கருகுகிறது, பார்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஈயம் பூசுகிறவர் ஒருவரை மேற்குத் தாம்பரத்தில் தேடிப் பிடித்தோம். குண்டான் வெள்ளியாய் மின்னிக்கொண்டு வீடு திரும்பியது. தொலைக்காட்சிக்கு இன்னும் பதினொரு தவணை பாக்கி. குண்டானுக்குக் கூலியை அங்கேயே ரொக்கமாகக் கொடுத்துவிட்டோம்.