மகளின் மின்கோவை

அஸர் தொழுதுவிட்டு ஒலுவில் துறைமுகப் பக்கம் நடந்துபோய் அலைதடுப்புக் கல்லணையருகே சற்று நேரம் நிற்பது எனது பல வருடப் பழக்கம். சென்ற வருடம் ஒரு நாள் மூத்த மகளும் கூட வந்தாள். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறாள். அப்போது இறுதி வருடம். வந்தவள் போனை எடுத்து வடக்கே பார்த்து ஒரு படம், தெற்கே பார்த்து ஒரு படம் எடுத்தாள். முதலாம் வருடத்திலிருந்தே மாதத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில் நின்று இப்படி எடுத்து வருகிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

“எத்தின படம் இரிக்கி மகள்?”

“எடுத்தது எண்பதுக்கு மேல வாப்பா. இப்ப எத்தின இரிக்கெண்டுதான் தெரியா.”

முந்திய வாரம் அவளது மடிக்கணனி கண்ணை மூடிவிட்டது. திருத்துபவர் பார்த்துவிட்டு, உள்ளே இருந்ததை எடுக்க முடியாது என்று கையை விரித்தார். படங்களில் சில பழைய போனில், சில கூட்டாளிமாரின் வட்ஸ்அப்பில், சில எங்கேயும் இல்லை. நான்கு வருட ஒப்படைகளின் நிலையும் அதுதான்.

அந்தப் படங்களின் பெறுமதியைச் சொல்ல வேண்டும். இக்கரையில் அலை சரிந்து வந்து மோதுவதால் மணல் கரையோடு ஒட்டியே பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் கல்லணையை நீட்டினால் மணல் தெற்கே தேங்கும். வடக்கே கரை பட்டினி கிடக்கும். அலை எடுத்துக்கொண்டு போகும், திருப்பிப் போட மணல் வராது. மர்ஹூம் அஷ்ரஃப் அவர்கள் கனவு கண்ட துறைமுகம் இது. டென்மார்க்கின் கடனுதவியோடு 2008 இல் வேலை ஆரம்பித்து, 2013 செப்டம்பர் 1 ஆந் திகதி திறந்துவைக்கப்பட்டது. பிறகு வடக்கே தென்னைகளும் வளவுகளும் கடலுக்குப் போனதையும், துறைமுக வாயை மணல் அடைத்துப் படகுகள் முடங்கியதையும் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. ஆனால் மாதா மாதம், ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் நின்று யார் பார்த்தார்கள்? ஒரு மாணவி பார்த்திருக்கிறாள். அதைத்தான் அவள் தொலைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குள் வேறொன்றும் இருந்தது.

நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவன். பாடக்குறிப்புகள், கற்பித்தற் பயிற்சிப் பதிவுகள், சின்னதொரு ஆய்வு எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தேன். ஆய்வு, கரைவலை இழுக்கும் நாட்களில் என் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வராமல் போவது பற்றியது. 2003 இல் ஒரு வருடம் முழுக்க, எந்த நாளில் எத்தனை வலை பட்டது, எத்தனை பிள்ளைகள் வரவில்லை என்று அட்டவணை போட்டிருந்தேன். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது என் கைக்கு வந்தது இரண்டு வயது மகள். பெட்டி கட்டிலுக்குக் கீழே. ஊரே மையித்துத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் காகிதத்துக்குக் கவலைப்பட வெட்கமாயிருந்தது. இருபது வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று கல்லணையில் வைத்து மகளிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: “வாப்பா, அப்ப துறைமுகத்துக்கு முந்தி எத்தின வலை பட்டதெண்டு உங்கட்ட கணக்கிருந்ததா?”

இருந்தது.

மின்கோவை என்பது விரிவுரையாளர் ஒருவர் அவர்களுக்குச் சொன்ன யோசனை. ‘போட்போலியோ’ என்கிறார்கள். தாள்களைச் சுமக்கும் உறை என்பதுதான் அந்த இத்தாலியச் சொல்லின் மூலம். ஓவியர்கள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவது. நமக்கும் ஒரு கோவை உண்டு. சான்றிதழ்களின் போட்டோக்கொப்பி, ஒவ்வொன்றிலும் சமாதான நீதவானின் ‘உண்மைப் பிரதி’ முத்திரை. நேர்முகப் பரீட்சைக்கு நேர்முகப் பரீட்சை அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் நாங்கள். அந்தக் கோவை நான் பயிற்றப்பட்ட ஆசிரியர் என்று சொல்லும். எப்படிப் படிப்பித்தேன் என்று சொல்லாது. மகள் செய்யப் புறப்பட்டது இந்த இரண்டாவது காரியத்தை.

முதலில் சேகரிப்பு. கோப்புகளுக்கு அவள் வைத்திருந்த பெயர்களைப் பார்த்தேன்: ‘இறுதி’, ‘இறுதி புதிது’, ‘உண்மையான இறுதி’. எல்லாவற்றையும் வருடம், மாதம், நாள், பிறகு விடயம் என்று மாற்றினோம். அப்படி எழுதினால் கணனி தானாகவே கால ஒழுங்கில் அடுக்கிவிடுகிறது. வகுப்பு இடாப்பு எழுதியே பழகிய எனக்கு இது மட்டும் சுலபமாகப் பிடிபட்டது.

படங்களில் ஒரு பாடம் இருந்தது. போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த நாளும் நேரமும், அனுமதித்திருந்தால் இடமும் பதிந்திருக்கும். அதையே வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விபரங்கள் கழன்றுபோகும், படமும் சுருங்கும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். கூட்டாளிமாரிடமிருந்து மீட்ட படங்களில் கடல் இருந்தது, திகதி இல்லை. கரை அரிப்புக்குச் சாட்சி சொல்லவேண்டிய படத்துக்குத் திகதி இல்லாவிட்டால் அது கலியாண வீட்டுப் படம் மாதிரித்தான். உரையாடலில் அனுப்பிய நாளை வைத்து மதிப்பிட்டு, ‘திகதி உறுதியில்லை’ என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதினாள். அந்த ஒரு வரிக்காகவே மற்றப் படங்களை நான் நம்புவேன்.

முதலாம் வருடக் கட்டுரையொன்று பென்ட்ரைவில் கிடைத்தது. ஊர்க் கடையில் தட்டச்சுச் செய்தது. திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். பாமினி எழுத்துரு! அந்த எழுத்துரு இல்லாத கணனியில் பாமினித் தமிழ் தமிழே இல்லை. இந்தப் பக்கத்தில் எத்தனை பேரின் கவிதையும் நாவலும் இன்றைக்கும் அப்படி ஊமையாய்க் கிடக்கிறதோ! யுனிகோடுக்கு மாற்றி, பிசகிய எழுத்துகளைக் கையால் திருத்தி, பிறகு பீ.டி.எஃப் ஆக்கினோம்.

அந்தக் கட்டுரைக்குக் கிடைத்தது 46 புள்ளி. அதைச் சேர்க்க வேண்டாம் என்றேன். எந்த வாப்பா சம்மதிப்பான்? அவள் கேட்கவில்லை. விரிவுரையாளரின் சிவப்பு மையோடு அதை ஸ்கேன் செய்து வைத்து, பக்கத்தில் மூன்றாம் வருடத்தில் அதே தலைப்பைத் திருப்பி எழுதியதை வைத்தாள். இடையில் என்ன படித்தேன் என்று நாலு வரி. நான் இரண்டு தசாப்தமாகப் பிள்ளைகளின் பிழையான கணக்கை அழிறப்பரால் அழிக்கச் சொல்லி வருகிறவன். ‘அழிக்காதே, பக்கத்தில் சரியாகச் செய்’ என்று இப்போதெல்லாம் சொல்கிறேன்.

ஐந்து பேர் சேர்ந்து செய்த கள ஆய்வு ஒன்றும் இருந்தது. வரைபடம் கண்ணைப் பறித்தது. அதை வரைந்தவள் இவளல்ல. ‘வரைபடம் என் சக மாணவியுடையது, வினாக்கொத்தும் பகுப்பாய்வும் என்னுடையவை’ என்று எழுதி, அந்தப் பிள்ளையிடமும் கேட்டுவிட்டே சேர்த்தாள். அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம், பரீட்சைச் சுட்டிலக்கம் கொண்ட தாள்களை வெளியே எடுத்துவிட்டோம்.

சிக்கல் வந்தது ஒலிப்பதிவில். பழைய கரைவலைக்காரர் ஒருவரை நாற்பது நிமிடம் பேசவைத்துப் பதிந்திருந்தாள். கரை எப்படிச் சுருங்கியது, வலை இழுக்க இடமில்லாமல் போனது, பிறகு பட்ட கடன், யாரிடம் பட்டது என்று மனிசன் எல்லாவற்றையும் கொட்டியிருந்தார். அவளது வேலைகளில் அதுதான் ஆகத் திறமானது. கேட்டபோது என் கண் கலங்கியது உண்மை. உலகமே கேட்கட்டும் என்றுதான் எனக்கும் பட்டது. அவரிடம் போய்ச் சொன்னோம். தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டார்: “மாஸ்டர்ர மகளெண்டு சொன்னன். ஊரெல்லாம் கேக்கிறத்துக்கா சொன்னன்?”

பதில் இல்லை. ஒப்படைக்கென்று வாங்கிய சம்மதம் இணையத்துக்கு வாங்கிய சம்மதமாகிவிடாது. ஒலிப்பதிவு கோவையில் இல்லை. கரையைப் பற்றி அவர் சொன்ன பகுதியை மட்டும் எழுத்தில், பேரில்லாமல், அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகு சேர்த்தாள். கோவையின் தரம் குறைந்ததுதான். குறையட்டும்.

எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. இலவசமாகப் பக்கம் அமைக்க கூகுள் சைட்ஸ் போன்றவை உண்டு. அவள் அதில்தான் அமைத்தாள். ஆனால் அது மற்றவன் வளவில் போட்ட கொட்டில். இலட்சக்கணக்கானோர் பக்கம் அமைத்திருந்த ஜியோசிட்டிஸை 2009 இல் யாஹூ மூடியது. இரண்டு வருடம் தொடாமல் விட்ட தனியார் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் 2023 இல் விதி செய்தது. மாணவர் மின்னஞ்சலோ படிப்பு முடிந்ததும் எந்த நேரமும் பூட்டப்படக்கூடியது. ஆகவே மூலப் பிரதிகள் ஒரு வெளி ஹாட் டிஸ்க்கில் வீட்டில், இன்னொன்று சம்மாந்துறையில் என் சகோதரியின் வீட்டில், மூன்றாவது இணையத்தில். ஏட்டுச் சுவடிகளை நம் முன்னோர் தலைமுறைக்குத் தலைமுறை படியெடுத்தது போலத்தான் இதுவும். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சிற்றிதழ்களையும் இணையத்தில் ஏற்றியிராவிட்டால், நம்முடைய எத்தனை சஞ்சிகைகளை இன்று கண்ணால் காண்போம்?

சம்மாந்துறைக்கு ஹாட் டிஸ்க் கொண்டுபோன அன்றுதான் என்னோடு கலாசாலையில் படித்த நண்பரைச் சந்தித்தேன். கதையோடு கதையாகப் பெட்டி போனதைச் சொன்னேன். என் ஆய்வை மாதிரிக்கென்று வாங்கிப் போட்டோக்கொப்பி எடுத்த ஞாபகம் இருப்பதாகச் சொன்னார். கடல் போகாத ஊர். இரண்டு வாரத்தில் ஏழு தாள் வந்து சேர்ந்தது. மை மங்கியிருந்தது. ஆனால் அட்டவணை இருந்தது.

மகள் அதை மேசையில் பரப்பி, போனால் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தாள். 2003 இல் எந்தெந்த மாதம் எத்தனை வலை என்பதை அவளது படங்களுக்கு முன்னால் வைத்தாள். என் பெயரை எழுதி, ‘ஏழு பக்கங்களே கிடைத்தன’ என்றும் எழுதினாள். ஏழாவது தாளில் வந்து கை நின்றது. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல்.

“இதயும் போடவா வாப்பா?”

முப்பத்தெட்டுப் பெயர். சிலர் கட்டாரில், ஒருவர் என்னோடு அதே பாடசாலையில் ஆசிரியர். மூவர் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு இல்லை. வராத நாட்களுக்கு நேரே நான் போட்ட சிவப்புப் புள்ளடிகள் கொப்பியில் கறுப்பாய் விழுந்திருந்தன. அந்த மூவரில் ஒருவனுக்குத்தான் ஆகக் கூடுதலான புள்ளடி. அதற்காக அவனை முழங்காலில் நிறுத்தியிருக்கிறேன்.

பெயர்களுக்குப் பதில் இலக்கம் போடச் சொன்னேன். ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை போட்டாள். அந்தத் தாளை மட்டும் வாங்கி என் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.