மெழுகும் தேர்ச்சீலையும்

மாத்தளை நகரின் காவல் தெய்வமாகிய முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்தை ஒட்டி நடைபெறும் பஞ்சரத பவனியைக் காணப் புறப்பட்ட நான், நகருக்கு வடக்கே சிறிது தொலைவிலுள்ள அலுவிகாரையில் முந்திய தினமே இறங்கிவிட்டதற்குக் காரணம், அங்குள்ள பத்திக் பட்டறையைப் பார்க்க வேண்டுமென்ற நெடுநாளைய ஆவலே. அலுவிகாரை என்றதும் யாவருக்கும் நினைவுக்கு வருவது, கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வழங்கிவந்த திரிபிடகம் ஓலைச்சுவடியில் எழுதப்பெற்றதாகச் சொல்லப்படும் குகை விகாரைதான். அதைப் பற்றி எழுதியவர் அநேகர். ஆகவே பாறைகளைத் தரிசித்த கையோடு நான் பட்டறைக்குப் போய்விட்டேன்.

இந்தக் கிராமத்துப் பெரிய குடும்பமொன்றில் 1922இல் பிறந்த எனா டி சில்வா என்ற அம்மையார், 1960களில் கொழும்பில் பத்திக் தொழிலைத் தொடங்கி, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா நிர்மாணித்த பெந்தோட்டை கடற்கரை ஹோட்டலின் உட்கூரையையே வண்ணச் சீலைகளால் அலங்கரித்துப் பேர் பெற்றவர். பிற்காலத்தில் பிதிரார்ஜித இல்லத்துக்குத் திரும்பி, 2015இல் காலமாகும் வரை அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பத்திக்கும் பூத்தையலும் தொழிலாக அமையப் பாடுபட்டார். தருமமாக ஏதேனும் கொடுத்துவிட்டுப் போகாமல், வீட்டு வாசலிலிருந்து நடந்துபோய் வரக்கூடிய தூரத்தில் கூலியுள்ள வேலையைக் கொடுத்தாரே, அதைத்தான் நான் அவருடைய கலைச் சாமர்த்தியத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

பத்திக் வேலையின் சூட்சுமம் முழுவதும் மூடி வைப்பதில் அடங்கியிருக்கிறது. வெள்ளைத் துணியில் பென்சிலால் வரைந்துகொண்ட சித்திரத்தில் எந்தெந்த இடம் வெண்மையாகவே நிற்க வேண்டுமோ அந்தந்த இடத்தை உருகிய மெழுகால் மூடி, மஞ்சள் சாயத்தில் அமிழ்த்தி உலர்த்தி, பின்னர் மஞ்சளாக நிற்க வேண்டியவற்றை மூடிச் சிவப்பில் அமிழ்த்தி, இவ்வாறே வெளிறிய நிறத்திலிருந்து கரிய நிறம் வரைக்கும் படிப்படியாகச் சென்று, இறுதியில் கொதிநீரில் இட்டு மெழுகனைத்தையும் கழித்த பிறகே சித்திரம் இன்னதென்று புலப்படும். இடையில் வந்து பார்ப்பவனுக்கு அது மெழுகு அப்பிய கந்தையாகத்தான் தோன்றும். கழிந்த மெழுகும் வீணாவதில்லை. நீர் ஆறியதும் மேலே ஆடைபோல் உறையும், அதை எடுத்து மீண்டும் சட்டியில் இடுகிறார்கள்.

மெழுகிட்டுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் அருகில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். தூரிகையைச் சட்டியில் தோய்த்து, விளிம்பில் ஒருமுறை வழித்து, சொட்டு விழாதபடி இடது கையில் ஒரு துணித்துண்டை அதன் கீழே ஏந்தியவாறே கொண்டுவந்து, மயிலின் கழுத்தை ஒரே இழுப்பில் இழுத்தார். உடனே துணியைப் புரட்டி மெழுகு மறுபுறம் ஊறியிருக்கிறதா என்று பார்த்தார். ஊறாத ஓரிடத்தில் பின்பக்கமாகவும் தொட்டு வைத்தார்.

"சூடு கூடினா ஓடிப்போகும் மாத்தயா, குறைஞ்சா மேலே மட்டும் நிக்கும், சாயம் அடியால நுழைஞ்சிடும்" என்றார், சந்தையில் பழகிய தமிழில். சூட்டை எப்படி அறிகிறீர்கள் என்று கேட்டதற்கு, துணியில் மெழுகு விழுந்த மாத்திரத்தில் அந்த இடம் கண்ணாடிபோல் தெளிய வேண்டும் என்றும், வெண்மையாகப் படிந்தால் சட்டி ஆறிவிட்டதென்று அர்த்தம் என்றும் விளக்கினார். கடைகளில் மலிவு விலைக்கு விற்கும் அச்சுத் துணிகளைப் பற்றிய பேச்சு வந்தபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. அச்சிட்ட துணிக்குப் பின்புறம் வெளுத்திருக்கும், தோய்த்த துணிக்கு இருபுறமும் ஒன்றே. வாங்குகிறவர்கள் திருப்பிப் பார்ப்பதில்லையே என்பது அவர் மனக்குறை.

மறுநாள் தமக்கு வேலையில்லை என்றும், அம்மன் தேர் பார்க்க மகளோடு வரப்போவதாகவும் சொன்னார். பௌத்தரான அவர் அதை வெகு சாதாரணமாகச் சொன்னார்.

அம்மன் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த பாதையும் அலுவிகாரையை ஊடறுத்துச் செல்லும் இந்த வடக்குச் சாலைதான். கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய கூலிச் சனங்கள் காடும் காய்ச்சலும் கடந்து, வழியில் மாண்டவர்களை ஆங்காங்கே புதைத்துவிட்டு, மாத்தளைக்குத்தான் முதலில் வந்தேறினார்கள். கொள்ளை நோய்க்கு அஞ்சிய அந்தச் சனங்கள் மாரியை மரத்தடியில் வைத்துக் கும்பிட்டதும், 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியால் கோயில் எழுந்ததும், பிற்பாடு 1983 கலவரத்தில் சேதமுற்று மீண்டதும் இவ்வூர் சரித்திரம்.

தெய்வத்துக்குத் துணி ஆக்கும் கைகளைப் பற்றி எண்ணுகையில் தூரதேசத்து ஊரொன்றும் நினைவுக்கு வருகிறது. குவாத்தமாலா நாட்டு மலைப்பிரதேசத்தில் அதித்லான் ஏரிக்கரையிலுள்ள சந்தியாகோ அதித்லான் என்னும் மாயா இனத்தவர் ஊரில், ஜூலை 25இல் காவற்புனிதர் சந்தியாகோவுக்குத் திருவிழா நடக்கிறது. அவ்வூர்க் கோயிற் சொரூபங்களுக்கு உள்ளூர்ப் பெண்களே ஆடை ஆக்கி உடுத்துகிறார்கள். திருவிழாவை வருணிப்போர் தெய்வத்தையும் ஜனத்திரளையும் விஸ்தரிப்பார்களேயன்றி, நெய்தவளையும் தைத்தவனையும் ஒரு வரியில் தாண்டிவிடுவது எத்தேசத்திலும் வழக்கம்போலும்.

மறுநாள் பிரதான வீதியில், பிள்ளையார் தேர் முன்செல்ல ஐந்து தேர்களும் புறப்படுவதற்குச் சற்று முன்பாக, ஜனநெருக்கத்தில் அந்த மூதாட்டி தென்பட்டார். விக்கிரகத்தைக் கும்பிட்ட உடனே அவர் செய்த காரியம், தேரில் தொங்கிய தொம்பை என்னும் குழாய்வடிவத் துணித் தொங்கல் ஒன்றின் அடியோரத்தை மெல்லத் திருப்பிப் பார்த்ததுதான்.

"சாயம் இல்லை, வெட்டி வெச்சுத் தைச்சது" என்றார் என்னிடம். "இதுதான் சரி. வெயில்ல நம்ம துணி வெளுத்திடும்."

தொம்பையும் அசைந்தாடும் சீலையும் தஞ்சைப் பகுதித் தையற்காரர்களின் பரம்பரைத் தொழில் என்று நான் சொல்லத் தொடங்கியதை அவர் செவிமடுத்ததாகத் தெரியவில்லை. ஒரு தாமரை இதழுக்கு எத்தனை தையல் என்று விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று தைக்க எத்தனை நாள் பிடிக்கும், என்ன கொடுப்பார்கள் என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இதற்குள் வடம் முறுகி, தேர் ஒரு சாண் நகர்ந்தது. வியர்வையில் நனைந்த ஓர் இளைஞன் முட்டுக்கட்டையைத் தோளில் சுமந்தவாறு எங்களிடையே புகுந்து, "ஐயா, அம்மா, தள்ளி நில்லுங்க, கட்டை போடணும்" என்று அதட்ட, இருவரும் விலகி நின்றோம்.