கரைவலைப் பாடும் ஆலமரத்தடியும்

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி, குச்சவெளிக் கரையில் கரைவலை வளைக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு பாடு. இன்றைக்கு எந்தச் சம்மாட்டியின் வலை கடலுக்குப் போகும், அது இழுத்து முடியும்வரை மற்றவர் எங்கே பொறுத்திருப்பார், சோளகக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து வாடி போடுகிறவர்கள் எதுவரை தொழில் செய்யலாம் என்பதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது. சட்டத்தில் எழுதியது கொஞ்சம். கரையில் பழகி வந்தது அதிகம்.

இணையத்தில் சம்பளம் இல்லாமல், முகம் தெரியாமல் பலர் கூடி ஒன்றை ஆக்கும்போது அவர்களை யார் ஆளுவது, எப்படி ஆளுவது? இந்தக் கேள்விக்குக் கரைவலைக்காரரிடம் பாதி விடை இருக்கிறது என்பது என் நெடுநாள் எண்ணம். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரொம், பொதுவளங்களை மக்கள் தாமே ஆளும் விதம் பற்றி 1990இல் எழுதிய நூலில் நமது தென்கரையிலுள்ள மாவெல்லக் கிராமத்தைப் பற்றிப் பேசுகிறார். மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் அங்கு செய்த ஆய்வே அவருக்கு ஆதாரம். யார் எப்போது வலை வளைப்பது என்ற சுற்றுமுறையை மாவெல்லக்காரர் மிக நுட்பமாக வகுத்திருந்தார்கள். நல்ல மீன் படும் காலம் எல்லோருக்கும் மாறிமாறிக் கிடைத்தது. ஆனால் புதிது புதிதாக வலைகள் வந்து சேர்ந்ததை அவர்களால் தடுக்க முடியவில்லை. வலைத்தொகைக்கு வரம்பு கட்டும் விதி இருந்தும் அதை நடைமுறைப்படுத்த அதிகாரிகள் முன்வரவில்லை. வலை பெருகப் பெருக ஒவ்வொருவர் பங்கும் சுருங்கியது.

விக்கிப்பீடியாவில் ஒருவர் ஒரு கட்டுரையைக் கூட்டினால் இன்னொருவர் பங்கு குறைவதில்லை. ஆகவே இங்கே வரம்பு எதற்கு என்று கேட்பார்கள். கட்டுரைகள் தீராதுதான். அவற்றைப் பார்த்துத் திருத்துகிறவர்களின் பொறுமை தீர்ந்துபோகும். இளம் சமூகம் ஒன்றைக் கட்டிக் காப்பதென்றால் முதலில் அந்தப் பொறுமையைக் கட்டிக் காக்க வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டெம்பரில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டு, அந்த ஆண்டு நவம்பரில் தளத்தின் இடைமுகத்தைத் தமிழாக்கினார். பிறகு ஓராண்டளவு ஏறத்தாழத் தனியாகவே எழுதிக்கொண்டிருந்தார். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தபோது நான் மகிழ்ந்தது அவர் எழுதிய ஆயிரக்கணக்கான கட்டுரைகளுக்காக மட்டுமல்ல. ஒரு சமூகத்தின் முதற் சிலர் எப்படிக் கதைக்கிறார்களோ, அதுவே பின்னால் வருகிறவர்களுக்கு எழுதாத சட்டமாகிவிடும். சத்தம் போடாமல், சான்றோடு, சலிக்காமல் பதில் சொல்லும் பழக்கம் அங்கே வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

பொது உரையாடலுக்கு அவர்கள் வைத்த பக்கத்தின் பெயர் ஆலமரத்தடி. அங்கே கிரந்த எழுத்து வேண்டுமா, வேண்டாமா என்று நீண்ட வாதங்கள் நடந்திருக்கின்றன. தமிழகத்தார் ஆஸ்திரேலியா என்று எழுத, நாங்கள் அவுஸ்திரேலியா என்போம். இதற்கு வாக்கெடுப்பு வைத்து ஒரு நாட்டாரைத் தோற்கடிக்கத் தேவையில்லை. ஓர் எழுத்துக்கூட்டலில் தலைப்பு இருந்தால் மற்றதிலிருந்து வழிமாற்று வைத்தால் போதும்; எதைத் தட்டினாலும் அதே கட்டுரைக்குப் போகலாம். தீர்க்க வேண்டியிராத சண்டையை அடையாளம் காண்பதும் ஆட்சிதான்.

மாவெல்லவின் கதை தமிழுக்கும் வந்தது. 2009 அளவில் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்து குவித்தது. கட்டுரைகள் நீளமானவை, நடையோ வாசிக்க முடியாதது. திருத்த இருந்த தன்னார்வலர்களோ மிகச் சிலர். வங்காள மொழிக்காரர் அப்படி வந்தவற்றை நீக்கினார்கள். தமிழ்ப் பயனர்கள் குறைகளைத் தொகுத்தார்கள், கூகுள் தரப்போடு பேசினார்கள். 2010இல் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியரான இரவிசங்கர் அந்த மதிப்பீட்டை உலகத்தின் முன் வைத்தார். ஒரு பெரிய நிறுவனத்திடம், எங்களுக்குத் தொகை வேண்டாம், எங்களால் தாங்கக்கூடிய வேகம் வேண்டும் என்று ஒரு சிறிய மொழிச் சமூகம் சொன்னது எனக்கு இன்றும் பெருமை.

ஆனால் இந்த விடயத்தில் நான் மிகவும் மதிக்கிற முயற்சி நடந்தது ஆங்கில விக்கிப்பீடியாவில், எங்கள் ஊர் எரிந்துகொண்டிருந்த காலத்தில். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில் பிரெஞ்சு உதவி நிறுவனம் ஒன்றின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். இப்படியான கொலைகளைப் பற்றியும் போரைப் பற்றியும் கட்டுரைகள் எழுந்தன. ஒருவர் எழுதுவதை மற்றவர் அழிப்பதும், அழித்ததை முதலாமவர் திரும்பப் போடுவதுமாக இரவும் பகலும் சண்டை. அந்தச் சண்டைக்குள்ளிருந்தே தமிழரும் சிங்களவரும் வெளியார் சிலரும் சேர்ந்து இலங்கை நல்லிணக்கத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள்.

அவர்கள் உடன்பட்ட விதி எளிது. நீங்கள் ஒன்றை மாற்றலாம். அது பிடிக்காதவர் ஒருமுறை பழையபடி ஆக்கலாம். அதன் பிறகு நீங்கள் மறுபடி கை வைக்கக் கூடாது. உரையாடல் பக்கத்துக்குப் போய்க் காரணம் சொல்ல வேண்டும். மீறினால் முதலில் எச்சரிக்கை, பிறகுதான் தடை. அதையும் இரு பக்கமும் சாராத நிர்வாகிகள் செய்வார்கள். சான்றுகளுக்கும் தரம் பிரித்தார்கள். பாதுகாப்பு அமைச்சின் தளத்திலிருந்தோ தமிழ்நெட் செய்தித் தளத்திலிருந்தோ ஒரு வரி எடுத்தால், சொன்னது யார், அவர் எந்தப் பக்கம் என்பதை அந்த வரியிலேயே எழுத வேண்டும்.

போரைப் பற்றி ஒரே கருத்துக்கு வரச் சொல்லி யாரும் யாரையும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எப்படிச் சண்டை பிடிப்பது என்பதில் மட்டும் உடன்பட்டார்கள். சிறு குற்றத்துக்குச் சிறு தண்டனை, சச்சரவு தீர்க்கச் செலவில்லாத ஓரிடம் என்று ஒஸ்ட்ரொம் நிலைத்துநின்ற சமூகங்களில் கண்டவையெல்லாம் இதற்குள் இருக்கின்றன. நாட்டில் ஒரு மேசையில் உட்கார முடியாதிருந்தவர்கள் செய்த வேலை இது. எங்கள் பாடசாலைகளில் இதைக் குடியியல் பாடமாகவே படிப்பிக்கலாம்.

திறந்த உரிமத்தில் எழுதுகிறவர்களிடம் இன்னோர் ஆயுதமும் இருக்கிறது, பிரிந்துபோகும் உரிமை. 2002இல் விளம்பரம் வரப்போகிறதென்ற அச்சத்தில் ஸ்பானிய விக்கிப்பீடியர் பலர் தம் கட்டுரைகளையும் எடுத்துக்கொண்டு தனித் தளம் அமைத்தார்கள். அதன் பிறகு விக்கிப்பீடியா விளம்பரமில்லாமலே வளர்ந்தது. ஸ்பானியம் பேசுவோர் கோடிக்கணக்கில் இருப்பதால் அந்தப் பிளவைத் தாங்கினார்கள். இலங்கையும் தமிழகமும் தனித்தனியே போனால் தமிழுக்கு இரண்டு பாழடைந்த வளவுகள்தான் மிஞ்சும்.

இப்போது எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் தம் ஊரைப் பற்றி எழுத ஆசைப்படுகிறார்கள். கிண்ணியா, மூதூர், சாம்பல்தீவு, தம்பலகாமம், ஒவ்வொன்றுக்கும் கதை உண்டு. சான்று இல்லாமல் எழுதினால் நிற்காது என்று நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். கோயில் மலர், பள்ளிவாசல் மலர், பாடசாலை ஆண்டு மலர்களைத் தேடச் சொல்வேன். 2005இலிருந்து ஈழத்து நூல்களைச் சேகரித்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் நூலகம் திட்டம் இதற்குப் பெரிய கொடை.

ஆனால் மூதூர், வெருகல் பக்கத்துக் கரையோர வேடரைப் பற்றி எழுத விரும்பும் பிள்ளைக்கு நான் எந்த மலரைக் காட்டுவேன்? செலிக்மன் தம்பதியர் 1911இல் எழுதிய நூலில் ஓர் அத்தியாயம் உண்டு. அதுவும் வெளியார் எழுதியது. அந்தச் சனம் தங்களைப் பற்றிச் சொல்வது அச்சில் மிக அரிது. பொறுமையைக் காக்க வைத்த சான்று விதியே இவர்களை வாசலில் நிறுத்துகிறது. 2011இல் அச்சல் பிரபலா என்பவர் விக்கிமீடியா உதவியோடு இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் கிராமத்தவர் குரலைப் பதிந்து, அதைச் சான்றாகக் காட்டிக் கட்டுரை எழுதும் முயற்சி ஒன்றைச் செய்தார். ஆங்கில விக்கிப்பீடியா அதை விதியாக ஏற்கவில்லை. எந்தச் சான்றை ஏற்பது என்பதைப் பெரும்பாலும் அந்தந்த மொழிச் சமூகமே தீர்மானிக்கலாம். யார் பேசினார், எங்கே, எப்போது, யார் பதிந்தார் என்ற விவரத்தோடு பொதுக் காப்பகத்தில் வைத்த குரற்பதிவைத் தமிழ் ஏற்க வேண்டும் என்பது என் வாதம். எதிர்ப்பு வரும், பொய்ப் பதிவுகள் வராதா என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். அதையும் ஆலமரத்தடியிலேயே வைத்துக் கதைப்போம்.