மருத்துவர் மட்டுமா?

படித்து என்ன ஆகப் போகிறாய் என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "டாக்டர்" என்பர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்ததும் அந்த விடை போய்விடும். வேறு விடையும் வாராது. மருத்துவர் ஆகலாம், இல்லையேல் ஒன்றும் ஆக முடியாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இடையில் இருப்பவற்றை எவரும் எடுத்துச் சொல்லாததால் தானே வேரூன்றிய நினைப்பு அது.

அலசூர்ப் பக்கம் ஞாயிறுதோறும் நானும் நண்பர் இருவரும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறோம். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து பிழைப்பை நாடி வந்த குடும்பத்தவர். நானும் அவ்வழி வந்தவன்தான். பிள்ளைகளுக்குப் பள்ளியில் கன்னடம் அல்லது ஆங்கிலம், வீட்டில் தமிழ். உயிர்வேதியியல் முதுகலை பயில்பவன் ஆதலின் உடலைப் பற்றிய பாடமெல்லாம் என் தலையில் விழும்.

ஒரு நாள் இரத்தம் எடுக்கும் வெற்றுக் குழாய்கள் இரண்டை வாங்கிச் சென்றேன். ஒன்றுக்கு ஊதா மூடி, மற்றதற்கு மஞ்சள் மூடி. ஊதாக் குழாயில் இரத்தத்தை உறையவிடாத உப்பு தடவப்பட்டிருக்கும்; இரத்த அணுக்களை எண்ணுவதற்கு அது. மஞ்சளில் இரத்தம் உறைய வேண்டும். பிறகு சுழற்றினால் தெளிந்த நீர் மேலே நிற்கும். சிறுநீரகம், கல்லீரல் பற்றிய சோதனைகளுக்கு அது. ஊதாவில் எடுத்ததைக் கொண்டு பொட்டாசியம் பார்த்தால், அந்த உப்பிலுள்ள பொட்டாசியமும் சேர்ந்து இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். "அப்போ டாக்டர் அதை நம்பி மருந்து கொடுத்துட்டா?" என்று கேட்டாள் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அதைத் தடுக்கத்தான் ஆய்வுக்கூடத்தில் படித்த ஒருவர் இருக்கிறார் என்றேன். அப்படி ஒருவர் இருப்பதே அவளுக்குப் புதுச் செய்தி.

தமிழில் சொன்னதால்தான் அந்தக் கேள்வி பிறந்தது என்பேன். இது புதுமையும் அன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் நம் இளைஞர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்கென நூல்களையும் தமிழில் ஆக்கினார். நமக்குக் குழாய் இரண்டைத் தமிழில் விளக்கத் தயக்கம் எதற்கு?

அந்தப் பெண்ணின் தாயார் ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்பவர். மகளை அழைத்துப் போக வந்தவர் வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு கழிவுகளுக்குத் திரும்பியதும், "மஞ்சள் பை எரிக்கிறதுக்கு, சிவப்பு பிளாஸ்டிக்குக்கு, ஊசி வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடி நீலத்துக்கு தம்பி" என்று மூச்சு விடாமல் சொன்னார். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளை அவ்வளவு தெளிவாக எங்கள் வகுப்பிலேயே எத்தனை பேர் சொல்வரோ! மகள் தாயைப் பார்த்த பார்வை என் நெஞ்சில் நிற்கிறது.

ஆனால் மகளை வணிகவியலில் சேர்ப்பதாக வீட்டில் முடிவாகியிருந்தது. அறிவியலுக்குத் தனிப்பயிற்சிச் செலவு மிகுதி என்று அண்டை அயலார் அச்சுறுத்தியிருக்கின்றனர். அச்சம் பொய்யன்று, அதன் விலையைத்தான் எவரும் சொல்லவில்லை. பி.யூ.சி.யில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தால்தான் நான்காண்டு பி.எஸ்ஸி. செவிலியப் படிப்புக்கு வழியுண்டு. வணிகவியல் எடுத்தவரும் மூன்றாண்டுச் செவிலியப் பட்டயம் பெறலாம். ஆய்வுக்கூடம், கதிர்ப்படம், டயாலிசிஸ் போன்ற பட்டப் படிப்புகளின் கதவோ அவருக்குச் சாத்திவிடும். பதினைந்து வயதில், ஒரு படிவத்தில் இடும் ஒரு குறியால் நடப்பது இது. 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இத்தகைய மருத்துவத் துணைத் தொழில்களைப் பத்து வகையாகப் பிரித்துப் பட்டியலிட்டிருக்கிறது. அந்தப் பட்டியல் அலசூர்ச் சந்துகளுக்கு வந்து சேரவில்லை.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் வந்தது. இங்கே படிக்கும் நம் பிள்ளைகளை அது எட்டாது. கர்நாடக இடங்களுக்குப் பொதுவாக ஏழாண்டு இங்குப் படித்ததற்குச் சான்று கேட்பர். வாடகை வீடு மாறும்போதெல்லாம் பள்ளியும் மாறிய பிள்ளைக்கு அச்சான்றுகளைத் திரட்டுவது தேர்வெழுதுவதினும் கடினம்! பத்தாம் வகுப்பிலேயே தொடங்கினால் திரட்டிவிடலாம். இன்னொன்று: ஆறே மாதத்தில் செவிலியர் ஆக்குவதாகச் சுவரொட்டி ஒட்டுவோரிடம், மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு கிடைக்குமா என்று கேளுங்கள். பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

"சம்பளம் இருக்கட்டும் தம்பி, ராத்திரி வேலைக்குப் போய்ட்டு எப்படி வீடு திரும்புவா?" என்று கேட்டார் அந்தத் தாய். புத்தகம் படித்த எனக்கு அது விடை சொல்லும் கேள்வியன்று. அடுத்த ஞாயிறு, பல்லாண்டு இரவுப் பணி பார்த்த தமிழ்ச் செவிலியர் ஒருவரை அழைத்து வந்தோம். இருவரும் ஒரு மணி நேரம் பேசினர். எங்களை அருகில் விடவில்லை. படிவத்தில் உயிரியல் எழுதலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. தேர்வு முடிவுக்குப் பின் பார்ப்போம் என்றிருக்கிறார் தாய்.

நம் சங்கத்தில் இயன்முறை மருத்துவமோ கதிர்ப்படத் தொழிலோ பயிலும் நண்பர் எவரேனும் இருப்பின் ஒரு ஞாயிறு வாருங்கள். காலை 10 மணிக்கு வகுப்பு. தேநீர் எங்கள் செலவு.